சுவர் ஏறிக் குதித்த மருத்துவர்

(நல்லாயன் ஞாயிறை ஒட்டி வானொலியில் வழங்கிய மறையுரை)



நல்லாயன் ஞாயிறு வந்தால் யோவான் நற்செய்தியின் பத்தாம் அதிகாரத்தை ஆலயத்தில் கேட்கிறோம். தோளில் ஆட்டைச் சுமந்து நிற்கும் ஆண்டவரின் படம் உடனே நம் கண்முன் வந்துவிடுகிறது. ஆனால் அந்த அதிகாரத்தைத் தொடக்கத்திலிருந்து வாசித்துப் பார்ப்போம். தம்மை ஆயன் என்று சொல்வதற்கு முன்பாகவே இயேசு வாசலைப் பற்றிப் பேசுகிறார். கொட்டிலுக்குள் வாசல் வழியாக வருகிறவன் யார், வேறு பக்கமாக ஏறி இறங்குகிறவன் யார் என்று பிரித்துக் காட்டிவிட்டுத்தான் மற்றதற்குப் போகிறார்.

நம் பக்கத்தில் கீதாரிகள் வயலில் கிடை போடும்போது தட்டி வேலியோடு முடித்துக்கொள்வார்கள். பாலஸ்தீனத்தில் கல் அடுக்கிய சுற்றுச்சுவர் எழுப்பி, ஒரே ஒரு திறப்பு விட்டு, அங்கே காவலுக்கு ஒருவரை வைப்பார்கள். சுவர் உயரம் குறைவுதான். ஏறிக் குதிப்பது பெரிய காரியம் அல்ல. குதித்து உள்ளே வந்தவனும் ஆட்டின் நடுவில்தான் நிற்பான். ஆயனும் அங்கேதான் நிற்பான். ஆடு ஆயனின் குரலை அறியும் என்கிறார் ஆண்டவர். உண்மைதான். ஆனால் மயக்க மருந்து கொடுக்கப்பட்டு அறுவை மேசையில் கிடக்கும் ஒரு தாய்க்கு எந்தக் குரல் கேட்கும்? அவர் வாசலில் நின்ற காவலரை நம்பித்தான் கண்ணை மூடுகிறார்.

அந்த வாசலைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறோம். மருத்துவர் ஆவதற்கான தேர்வும், அதில் நடக்கும் மோசடியும் நமக்குத் தூரத்துச் செய்தி அல்ல. கடந்த பல ஆண்டுகளாக நம் மறைமாவட்டங்களிலிருந்து எத்தனையோ பிள்ளைகள் ரஷ்யாவுக்கும் சீனாவுக்கும் பிலிப்பைன்சுக்கும் ஜார்ஜியாவுக்கும் எம்.பி.பி.எஸ். படிக்கப் போயிருக்கிறார்கள். புறப்படும் முன் பீடத்தின் முன்னால் வந்து தலை வணங்குகிறார்கள். ஆசீர் கொடுத்து அனுப்புகிறோம். ஐந்தாறு ஆண்டு கழித்துத் திரும்பி வரும்போது அவர்களுக்காக ஒரு வாசல் காத்திருக்கிறது. எஃப்.எம்.ஜி.இ. என்று சுருக்கமாகச் சொல்லும் வெளிநாட்டு மருத்துவப் பட்டதாரிகளுக்கான தகுதித் தேர்வு அது. 2002ஆம் ஆண்டிலிருந்து நடக்கிறது. 300 கேள்விகள், 150 சரியாக இருந்தால் தேர்ச்சி. கேட்பதற்கு எளிதாகத் தோன்றும். ஆனால் பல தடவைகளில் எழுதியவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர்தான் தேறியிருக்கிறார். ஆண்டுக்கு இரண்டு முறை நடக்கும் இந்தத் தேர்வு, எத்தனையோ வீடுகளில் ஆண்டுக்கு இரண்டு முறை வரும் துக்கம்.

2022 டிசம்பரில் மத்தியப் புலனாய்வுத் துறை ஒரு வழக்குப் பதிவு செய்தது. புகார் கொடுத்தது மத்திய சுகாதார அமைச்சகமே. வெளிநாட்டில் படித்துத் திரும்பிய 73 பேர், இந்தத் தேர்வில் தேறாமலேயே, தேறியதாகப் போலிச் சான்றிதழ் காட்டி மாநில மருத்துவக் கவுன்சில்களில் பதிவு பெற்றுவிட்டார்கள் என்பது குற்றச்சாட்டு. 14 மாநிலக் கவுன்சில்களின் பெயர் அந்த வழக்கில் இருந்தது. நாடு முழுவதும் 91 இடங்களில் சோதனை நடந்தது. ஒவ்வொருவர் மீதும் தீர்ப்புச் சொல்ல வேண்டியது நீதிமன்றம்; நாம் அல்ல. ஆனால் வழக்கின் உருவத்தைப் பாருங்கள். ஆண்டவர் சொன்ன உவமை அப்படியே தெரிகிறது. தேர்வு நடத்திய அமைப்பிடம் இந்த எண்ணுக்குரியவர் தேறினாரா என்று ஒரு கடிதம் போட்டுக் கேட்டிருந்தால் சில நாளில் பதில் வந்திருக்கும். அதைக் கேட்க வேண்டியவர் கேட்கவில்லை. காவலர் தூங்கினாரா, அல்லது ஏதாவது வாங்கிக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாரா என்பது விசாரணையில் தெரியவேண்டியது.

"தேர்வில் தேறாவிட்டால் என்ன, ஆறு ஆண்டு படித்த பிள்ளைதானே?" என்று கேட்பவர்கள் நம்மிடையே உண்டு. தேர்வு என்றாலே மனப்பாடம், மதிப்பெண் என்று பழகிப்போன சமூகம் நாம். ஆகவே இந்தத் தேர்வு எதைக் கேட்கிறது என்று கொஞ்சம் நின்று பார்ப்போம்.

ஒருவருக்கு ஊசி போட்ட சில நிமிடத்தில் உடம்பு முழுவதும் தடிப்பு வருகிறது, மூச்சு இரைக்கிறது, நாடி தளர்கிறது. அந்த நேரத்தில் புத்தகத்தைத் திறக்க நேரம் இல்லை. அட்ரினலினை உடனே தொடைத் தசையில் போடவேண்டும் என்பது கையில் இருக்கவேண்டிய அறிவு. இன்னொன்று, பொட்டாசியம் குளோரைடு. டிரிப்சில் கலந்து மெதுவாக ஏற்றினால் அது மருந்து. அப்படியே இரத்த நாளத்தில் நேராகச் செலுத்தினால் இதயத்தை நிறுத்திவிடும். இரண்டும் எந்த ஊர் மருத்துவமனையின் மருந்து அலமாரியிலும் இருக்கும். தேர்வுத்தாளில் இது ஒரு கேள்வி, ஒரு மதிப்பெண். இரவு இரண்டு மணிக்கு, செவிலியர் மட்டும் துணைக்கு நிற்கும் சிறிய மருத்துவமனையில் இது ஒரு குடும்பத்தின் தகப்பன். முன்கூட்டியே விலைக்கு வாங்கிய வினாத்தாள் மதிப்பெண்ணைக் கொடுக்கும். இரண்டு மணிக்குத் தேவைப்படும் அறிவைக் கொடுக்காது.

இன்னொரு வாதமும் காதில் விழுகிறது. அதை அவ்வளவு எளிதாகத் தள்ளிவிட முடியாது. "சாமி, பணக்காரன் பிள்ளை கோடிக்கணக்கில் கொட்டி இங்கேயே சீட்டு வாங்குகிறான். அது சட்டப்படி சரி. எங்கள் பிள்ளை குறுக்குவழியில் போனால் மட்டும் திருட்டா?" கல்வி வியாபாரம் ஆகிவிட்டது என்பது உண்மை. அதைப் பிரசங்க பீடத்திலிருந்து சொல்ல நாம் தயங்கவேண்டியது இல்லை. திருஅவை நடத்தும் நிறுவனங்களுக்கும் சேர்த்தே சொல்லலாம். ஆனால் குறுக்குவழியில் வந்த மருத்துவரிடம் யார் போகிறார்கள் என்று யோசிப்போம். சீட்டுக்குக் கோடி கொடுத்தவர் காய்ச்சல் வந்தால் சென்னையில் பெரிய மருத்துவமனைக்குப் போய்விடுவார். பெயருக்குப் பின்னால் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்கத் தெரியாமல், தெருமுனைக் கிளினிக்கில் டோக்கன் வாங்கி உட்கார்ந்திருப்பவர் நூறுநாள் வேலைக்குப் போய் வந்த அம்மா. பணக்காரரைப் பழிவாங்குவதாக நினைத்துச் செய்தது அவர் தலையில் விடிகிறது.

2024 ஜனவரி 31 அன்று அமெரிக்காவிலிருந்து ஒரு அறிவிப்பு வந்தது. அங்கே மருத்துவராகப் பணிபுரிய விரும்பும் பெரும்பாலோர் யு.எஸ்.எம்.எல்.இ. என்ற மூன்று கட்டத் தேர்வை எழுதவேண்டும். அந்தத் தேர்வில் நேபாளத்தோடு தொடர்புடைய பலருடைய விடைகளில் சந்தேகத்துக்குரிய ஒற்றுமை தெரிகிறது என்று சொல்லி, அவர்களுடைய மதிப்பெண்களை ரத்து செய்தார்கள். மிக அதிகமான மதிப்பெண், ஒரே மாதிரியான விடைகள், விடை குறிக்க எடுத்துக்கொண்ட நேரத்தில் வழக்கத்துக்கு மாறான வேகம் ஆகியவற்றைக் கணினியில் ஆராய்ந்து இந்த முடிவுக்கு வந்தார்கள். பாதிக்கப்பட்டவர்கள் 832 பேர். அவர்களில் சிலர் ஏற்கெனவே அமெரிக்க மருத்துவமனைகளில் பயிற்சியில் இருந்தவர்கள். பலர் மார்ச் மாதத்தில் வெளியாகும் பயிற்சி இடப் பட்டியலுக்காகக் காத்திருந்தவர்கள். நாட்டை வைத்து எங்களைப் பாகுபடுத்துகிறார்கள் என்று வாஷிங்டனில் வழக்குத் தொடுத்தார்கள்; ரத்தை உடனே நிறுத்திவைக்கும்படி கேட்டார்கள். நீதிமன்றம் மறுத்துவிட்டது. மறுபடி எழுதித் தங்களை நிரூபிக்க வேண்டிய நிலை.

அந்த 832 பேரும் திருடர்கள் என்று நாம் சொல்லிவிட முடியாது. விடைகளின் ஒற்றுமை ஒருவரின் மனச்சாட்சியை முழுவதும் காட்டிவிடாது. சொல்ல வந்தது வேறு. காத்மாண்டுவில் விளக்கைப் போட்டுக்கொண்டு இரவெல்லாம் நேர்மையாகப் படித்த ஒரு பெண் இருந்திருப்பார். இனி அவருடைய மதிப்பெண்ணைப் பார்க்கும் எவரும் முதலில் அவருடைய நாட்டைப் பார்ப்பார்கள். அவர் எதையும் திருடவில்லை, அவரிடமிருந்துதான் திருடப்பட்டது. பொய்ச்சாட்சி சொல்லாதே என்ற கட்டளையை நாம் பிறர்மேல் அவதூறு சொல்வதோடு நிறுத்திக்கொள்கிறோம். நாம் சொல்லும் பொய், பக்கத்தில் நிற்பவருடைய உண்மையையும் செல்லாக்காசு ஆக்கிவிடுகிறது என்பதை நினைப்பதில்லை.

இங்கே பிள்ளைகளுக்காக ஒரு வார்த்தை. பழைய வினாத்தாள்களை வாங்கிப் படிப்பது தவறா என்று இளைஞர் கூட்டங்களில் கேட்கிறார்கள். தேர்வு நடத்துபவர்களே வெளியிட்டதைப் படிப்பதில் தவறு ஏதும் இல்லை. அது நல்ல பயிற்சி. வெளியிடக்கூடாது என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு நடத்தும் தேர்வின் கேள்விகளை, எழுதிவிட்டு வந்தவர்கள் நினைவிலிருந்து எடுத்துக் கைப்பேசிக் குழுக்களில் விற்பது வேறு. அதை வாங்குவதும் வேறு. கோட்டை நாம் தெளிவாகவே போட்டுக்கொள்ளலாம், மனம் அலையவேண்டியது இல்லை.

சரி, குதித்தாயிற்று, உள்ளே வந்தாயிற்று, பத்து ஆண்டும் ஆயிற்று. இப்போது என்ன செய்வது? அறநெறி இறையியலில் இதுதான் கடினமான பகுதி. இதை நம் நாட்டு உச்ச நீதிமன்றமே ஒருமுறை நேருக்கு நேர் சந்தித்தது.

மத்தியப் பிரதேசத்தில் வியாபம் என்று பேசப்பட்ட மோசடியை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். அது உரிமம் கொடுக்கும் தேர்வு அல்ல, மருத்துவக் கல்லூரியில் சேர்வதற்கான நுழைவுத் தேர்வு. அதாவது இன்னும் ஒரு வாசல் முன்னால். 2008 முதல் 2012 வரை, தேர்வு எண்களைத் திட்டமிட்டு மாற்றி, நன்றாக எழுதத் தெரிந்த ஒருவரின் பக்கத்தில் பணம் கொடுத்தவரை உட்காரவைத்தார்கள். அந்த ஏற்பாட்டுக்கு இஞ்சின்-பெட்டி என்று பெயரே இருந்தது. இஞ்சின் இழுக்கும், பெட்டி பின்னால் போகும். இப்படிச் சேர்ந்த 634 பேரின் சேர்க்கை ரத்தானபோது அவர்கள் உச்ச நீதிமன்றம் வந்தார்கள். அதற்குள் பலர் படிப்பையே முடிக்கும் கட்டத்துக்கு வந்துவிட்டார்கள். 2016 மே மாதம் இரு நீதிபதிகளும் இரண்டு விதமாகத் தீர்ப்புச் சொன்னார்கள். மோசடி நடந்தது என்பதில் இருவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் ஒருவர், இவர்களைப் படிக்கவைக்கச் சமூகம் செலவழித்தாயிற்று, அந்த அறிவை வீணாக்குவானேன், இராணுவத்தில் ஐந்தாண்டு சம்பளம் இல்லாமல், பிழைப்புக்கான படி மட்டும் பெற்றுப் பணிசெய்யட்டும், பிறகு பட்டம் கொடுக்கலாம் என்றார். மற்றவர் அதை ஏற்கவில்லை. வழக்கு மூன்று நீதிபதிகளிடம் போனது. 2017 பிப்ரவரியில் அவர்கள் 634 பேரின் சேர்க்கையும் செல்லாது என்று முடித்தார்கள்.

அந்த முதல் நீதிபதி சொன்னதில் இரக்கம் இருக்கிறது. கிறிஸ்தவக் காதுக்கு அது இனிமையாகக்கூடக் கேட்கும். தண்டனை உண்டு, பரிகாரம் உண்டு, வீணாக்குதல் இல்லை. இருந்தாலும் மூவர் சொன்னதே சரி என்று நமக்குப் படுகிறது. 634 இருக்கைகளுக்கும் நியாயமாக உரியவர்கள் 634 பேர் வெளியே நின்றார்கள். அவர்களில் எத்தனை பேர் மருத்துவக் கனவையே விட்டுவிட்டு வேறு வேலைக்குப் போனார்களோ. திருடியவர் இராணுவத்தில் உழைப்பதால் அவர்களுக்குப் போனது திரும்பாது. எடுத்ததைக் கையில் வைத்துக்கொண்டே பரிகாரம் செய்ய முடியுமா?

சக்கேயுவை நினைத்துப் பார்ப்போம். லூக்கா நற்செய்தியின் பத்தொன்பதாம் அதிகாரம். இயேசு அவரிடம் கணக்குக் கேட்கவில்லை. இன்று உம் வீட்டில் தங்கவேண்டும் என்று மட்டும்தான் சொன்னார். கணக்கைத் திறந்தது சக்கேயு. ஏழைகளுக்குப் பாதிச் சொத்து. ஏமாற்றி வாங்கியவர்களுக்கு நான்கு மடங்கு. மன்னிப்பு கிடைத்துவிட்டதே, இனி எதற்குத் திருப்பிக் கொடுக்கவேண்டும் என்று அவர் கேட்கவில்லை. திருஅவையின் மறைக்கல்வியும் ஏழாம் கட்டளையின் கீழ் இதையே கற்பிக்கிறது: அநீதியாய் எடுத்ததைத் திருப்பிக் கொடுப்பது மனமாற்றத்தின் பகுதி. எடுத்தவருக்கு மட்டும் அல்ல, தெரிந்தே உதவி செய்தவருக்கும் அது பொருந்தும். பணம் வாங்கிய தரகர், ஆள்மாறாட்டத்துக்கு உட்கார்ந்தவர், கோப்பைப் பார்க்காமல் முத்திரை குத்திய எழுத்தர், நகையை விற்றுத் தரகரின் கையில் கொடுத்த தகப்பன், எல்லோரும் அந்தக் கணக்கில் வருவார்கள். 2019இல் நம் தேனியில் வெளிவந்த நீட் ஆள்மாறாட்ட வழக்கில் மாணவரோடு தந்தையும் கைதானதை நாம் மறந்திருக்க மாட்டோம்.

பணத்தைத் திருடியவர் பணத்தைத் திருப்பிக் கொடுக்கலாம். உரிமத்தைத் திருடியவர் எதைத் திருப்பிக் கொடுப்பார்? 15ஆம் நூற்றாண்டில் ஃபுளோரன்ஸ் நகரின் பேராயராக இருந்த புனித அந்தோனினுஸ் தம் அறநெறி நூலில் மருத்துவர்களுக்கென்றே ஒரு பகுதி எழுதினார். ஒருவர் தமக்குப் போதிய அறிவு இல்லை என்று தெரிந்தும் பிறர் உடம்பில் கைவைத்தால், நோயாளி பிழைத்தாலும் அது பாவம் என்ற எண்ணம் அந்தக் காலத்து ஆசிரியர்களிடம் தெளிவாக இருந்தது. அவர்களுக்கு முன்னால் புனித தாமஸ் அக்குவினாஸ் அறியாமையை இரண்டாகப் பிரித்தார்: நம்மால் அறிய முடியாதது ஒன்று, அறிந்திருக்க வேண்டியதை அறியாமல் விட்டது மற்றொன்று. இரண்டாவதில் "தெரியாமல் செய்துவிட்டேன்" என்ற சொல் தப்பிக்க உதவாது. ஆகவே இப்படி வந்து பணிசெய்யும் ஒருவர் ஒப்புரவு அருட்சாதனத்துக்கு வந்தால், குரு அவரிடம் முதலில் சொல்லவேண்டியது, நாளையிலிருந்து நோயாளியைத் தொடவேண்டாம் என்பதுதான். பாவமன்னிப்பு பாவத்தைப் போக்கும், மருந்தியலைக் கற்றுக்கொடுக்காது. அவர் உட்கார்ந்து படித்து மறுபடி எழுதட்டும். தேர்வில் விழுந்தவர் மறுபடி எழுதத் தடையில்லை. போலிச் சான்றிதழோடு வந்தவருக்குச் சட்டம் சும்மா இருக்காது என்பதும் தெரிந்ததே. அந்தச் சிலுவையை இறக்கிவைக்க ஒப்புரவுக் கூண்டில் இடம் இல்லை, தூக்கிக்கொண்டு நடக்கத் தேவையான பலம் மட்டும் அங்கே உண்டு. குரு கேட்டதை எவரிடமும் சொல்லமாட்டார் என்பதைச் சொல்லித் தெரியவேண்டியது இல்லை. அந்த நம்பிக்கையோடாவது வாருங்கள்.

சுவர் ஏறிக் குதிக்கும் பிள்ளை பெரும்பாலும் கெட்ட பிள்ளை அல்ல என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். பயந்த பிள்ளை. பங்குகளில் வீடு சந்திக்கப் போகும்போது நாம் பார்ப்பது உண்டு. மகன் இன்னும் தேறவில்லை. வீட்டு வாசலில் "டாக்டர்" என்று பெயர்ப்பலகை தொங்குகிறது. நிலத்தை விற்றாயிற்று, வட்டி ஏறுகிறது, தங்கைக்கு வரன் பார்க்கும் இடத்திலும் "அண்ணன் டாக்டர்" என்று சொல்லியாயிற்று. திருவிழாவில் மேடைக்குக் கூப்பிட்டு "நம் பங்கின் மருத்துவர்" என்று சால்வை போர்த்தியாயிற்று. இத்தனைக்கும் நடுவில் அந்தப் பையன் எப்படி வாயைத் திறந்து, நான்காவது முறையும் விழுந்துவிட்டேன் என்று சொல்வான்? தரகர் அவனைத் தேடி வருவது அந்த இரவில்தான். எதுவும் பேசாமல் சாப்பாட்டை எடுத்துவைத்து, பலகையைக் கழற்றிவிடலாம் என்று சொல்லும் ஒரு தாய் அந்த வீட்டில் இருந்தால், தரகருக்கு அங்கே வேலை இல்லை.

மருத்துவரின் அறிவு உன்னதரிடமிருந்து வருகிறது என்று சீராக்கின் ஞான நூல் முப்பத்தெட்டாம் அதிகாரம் கற்பிக்கிறது. நோயைச் சரியாகக் கண்டறிய மருத்துவர்களும் மன்றாடுவார்கள் என்று அங்கேயே இருக்கிறது. தேர்வுக் காலம் நெருங்குகிறது. ஹால் டிக்கெட்டை ஆசீர்வதிக்கக் கொண்டுவரும் பிள்ளைகள் கொண்டுவரட்டும், மகிழ்ச்சியோடு ஆசீர்வதிப்போம். வரும் ஞாயிறு விசுவாசிகள் மன்றாட்டில், எழுதப்போகிறவர்களுக்காகச் சொல்லும் மன்றாட்டோடு இன்னும் இரண்டைச் சேர்த்துக்கொள்ளும்படி பங்குகளைக் கேட்டுக்கொள்கிறோம். ஒன்று, விடைத்தாளையும் சான்றிதழையும் சரிபார்க்கும் மேசையில் உட்கார்ந்திருப்பவர்களுக்காக. மற்றொன்று, இந்த முறையும் தேறாமல், இன்றிரவு வீட்டில் சொல்ல வழி தெரியாமல் பேருந்து நிலையத்தில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்காக.